பாஸ்வேர்ட் பேட்ச்ல "எனக்கு புரியல"ன்னு எழுதினா அதுவே ஒரு பக் ரிப்போர்ட்தான்

ஒரு பேட்ச், அதாவது கோடை மாத்தச் சொல்லி ஒருத்தர் அனுப்பின திருத்தம், வந்திருக்கு. தலைப்புல "லாகின் ஹெல்ப்பர் க்ளீனப்"னு மட்டும் போட்டிருக்கு. 9 வரி போயிருக்கு, 5 வரி வந்திருக்கு. டெஸ்ட் எல்லாம் பச்சை. ஏற்கனவே ஒருத்தர் "எல்ஜிடிஎம்" (பார்த்தேன், நல்லா இருக்கு) போட்டுட்டு போயிட்டார். நீங்க மூணு தடவை படிச்சாச்சு, நடுவுல இருந்த ஒரு இஃப் கண்டிஷன் ஏன் தலைகீழா மாறியிருக்குன்னு மட்டும் பிடிபடல. இப்ப என்ன பண்ணுவீங்க? மறைக்காம சொல்லணும்னா நம்மள்ல பாதி பேர் அப்ரூவ் பட்டனை அமுக்கிடுவோம். நானும் அமுக்கியிருக்கேன். எழுதினவருக்கு தெரிஞ்சிருக்கும், முன்னாடி பார்த்தவருக்கு புரிஞ்சிருக்கும், நமக்கு மட்டும்தான் மண்டைல ஏறல போலன்னு ஒரு நினைப்பு. கேட்டா நம்ம லெவல் வெளிய தெரிஞ்சுடுமேன்னு கூச்சம் வேற.

மத்த கோட்ல இந்த கூச்சத்தால பெரிசா ஒண்ணும் ஆகாது. போட்டோ அப்லோட் உடைஞ்சா ஒரு மணி நேரத்துல யாராவது கத்துவாங்க. லாகின் கோட் ரெண்டு பக்கமா உடையும். சரியான பாஸ்வேர்டுக்கே திறக்காம போச்சுன்னா அஞ்சு நிமிஷத்துல ஊரே கூடிடும், அது பிரச்சினையே இல்ல. தப்பான பாஸ்வேர்டுக்கும் திறக்குதுன்னு வெச்சுக்கோங்க, யார் கம்ப்ளெயின்ட் பண்ணுவா? சரியா அடிச்சவர் வழக்கம்போல உள்ள போறார், தப்பா அடிச்சவர் சரியா அடிச்சுட்டோம்னு நினைச்சு உள்ள போறார், விஷயத்தை கண்டுபிடிச்ச ஆள் வாயே திறக்க மாட்டார். அந்த பக்கத்தை வேணும்னே உட்கார்ந்து யோசிக்கிற ஒரே இடம் ரிவ்யூதான். அங்கயும் விட்டா அப்புறம் வருஷக்கணக்குல அப்படியே கிடக்கும்.

கிடந்திருக்கு. 2012 ஜூன்ல வெளிய வந்த மைஎஸ்க்யூஎல், மரியாடிபி டேட்டாபேஸ் ஓட்டை (சிவிஇ-2012-2122) இதுக்கு அருமையான உதாரணம், எனக்கு இன்னைக்கும் படிச்சா சிரிப்பும் பயமும் சேர்ந்து வரும். பாஸ்வேர்ட் சரியான்னு பார்க்கிற ஃபங்ஷன் கடைசில மெம்கம்ப்னு ஒரு ஸ்டாண்டர்ட் ஃபங்ஷனை கூப்பிட்டு, அது தர்றதை அப்படியே ரிட்டர்ன் பண்ணும். மெம்கம்ப் என்ன தரும்? ரெண்டும் ஒண்ணுன்னா 0. வேறன்னா 0 இல்லாத ஏதோ ஒரு நம்பர். பிளஸ்ஸா இருக்கலாம், மைனஸா இருக்கலாம், எவ்வளவு பெரிசுன்னு யாரும் உத்தரவாதம் தரல. ஆனா நம்ம ஃபங்ஷனோட ரிட்டர்ன் டைப் ஒரே ஒரு பைட். பெரிய நம்பரை ஒரு பைட்ல அடைச்சா மேல் பைட்டெல்லாம் வெட்டுப்பட்டு கடைசி பைட் மட்டும் நிக்கும். அந்த கடைசி பைட் தற்செயலா 0ஆ இருந்தா? "ரெண்டும் ஒண்ணு"ன்னு அர்த்தம் ஆயிடும், கதவு திறந்துடும். தோராயமா 256க்கு ஒரு தடவை. ஒப்பிடுற கணக்குல கலக்கிற ரேண்டம் நம்பர் ஒவ்வொரு லாகின்லயும் மாறுறதால, யூசர் பேர் தெரிஞ்சா போதும், வாய்க்கு வந்த ஏதாவது ஒரு பாஸ்வேர்டை சில நூறு தடவை திரும்பத் திரும்ப அடிச்சா ஏதோ ஒண்ணுல உள்ள போயிடலாம், ஒரு செகண்ட் கூட ஆகாது.

இதுல இன்னொரு கூத்து, எல்லா மெஷின்லயும் இது நடக்காது. கம்பைலர் தன்னோட சொந்த மெம்கம்ப்பை வெச்சுக்கிட்டா அது சின்ன நம்பராத்தான் தரும், ஓட்டை தெரியாது. லினக்ஸோட சி லைப்ரரியான ஜிலிப்சில இருக்கிற வேகமான வெர்ஷன் போய் மாட்டினாத்தான் பெரிய நம்பர் வரும். எழுதினவர் மெஷின்ல ஓடியிருக்கும், டெஸ்ட் பாஸ் ஆகியிருக்கும், எல்லாரும் சத்தியமே பண்ணியிருப்பாங்க. "இந்த கால் என்னென்ன வேல்யூ தரலாம், அத்தனையும் இந்த ரிட்டர்ன் டைப்ல அடங்குமா"ன்னு ஒரே ஒரு கேள்வி ரிவ்யூல விழுந்திருந்தா வேலை முடிஞ்சிருக்கும். அதை கேட்க கிரிப்டோகிராஃபி படிச்சிருக்க வேண்டிய அவசியம் கூட இல்ல, புரியலன்னு ஒத்துக்கிற தைரியம் போதும்.

பாஸ்வேர்ட் கோட்ல பாதி கதை இந்த ரிட்டர்ன் வேல்யூல தான் இருக்குன்னு நான் நினைக்கிறேன். சி உலகத்துல 0ன்னா சக்சஸ், லினக்ஸ் லாகினை பார்த்துக்கிற பேம் லைப்ரரில கூட சக்சஸ் 0தான். வேற பக்கம் போனா ட்ரூன்னா சக்சஸ், 0ன்னா தோல்வி. ரெண்டு பழக்கமும் ஒரே ஃபைல்ல பக்கத்து பக்கத்துல இருக்கும். இது போதாதுன்னு மூணாவதா ஒண்ணு இருக்கு: "எனக்கு தெரியல". மெமரி கிடைக்கல, யூசர் விவரம் வெச்சிருக்கிற எல்டேப் சர்வர் பதில் சொல்லல, ஹாஷ் (பாஸ்வேர்டை திரும்ப எடுக்க முடியாதபடி மாத்தி சேமிச்ச வடிவம்) என்ன ஃபார்மட்னே புரியல, இந்த மாதிரி. ஓபன்எஸ்எஸ்எல்ங்கிற என்க்ரிப்ஷன் லைப்ரரில டிஜிட்டல் கையெழுத்து சரிபார்க்கிற ஃபங்ஷன் ஒண்ணு சரின்னா 1, தப்புன்னா 0, எரர்னா மைனஸ் 1 தரும். அதை கூப்பிட்ட பல இடத்துல "0 இல்லைன்னா ஓகே"ங்கிற மாதிரி எழுதிட்டாங்க. மைனஸ் 1 கூட 0 இல்லையே! அப்ப எரர் வர்ற மாதிரி ஒரு கோணல் கையெழுத்தை அனுப்பினா அது செல்லும். 2009 ஜனவரில திருத்தினாங்க. அஞ்சு வருஷம் கழிச்சு 2014ல, அதே மாதிரி லைப்ரரியான ஜிஎன்யுடிஎல்எஸ்ல கிட்டத்தட்ட இதே ஜாதி தப்பு, ட்ரூ ஃபால்ஸ் தர வேண்டிய ஃபங்ஷன் எரர் கோடை தந்து அது ட்ரூவா எடுத்துக்கப்பட்டுச்சு.

அதனால எனக்குன்னு ஒரு பழக்கம். பாஸ்வேர்ட் பேட்ச் எது வந்தாலும் டிஃபை (எந்த வரி போச்சு, எந்த வரி வந்துச்சுன்னு காட்டுற பட்டியல்) படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல எழுதிக்குவேன், இந்த ஃபங்ஷன் "ஆமா"ன்னா என்ன தரும், "இல்ல"ன்னா என்ன தரும், "தெரியல"ன்னா என்ன தரும். மூணாவதை நிரப்ப முடியலன்னா பேட்ச் எவ்வளவு அழகா இருந்தாலும் அங்கயே நிறுத்திடுவேன். எஸ்லாக்னு ஒரு குட்டி ஸ்க்ரீன் லாக்கர் இருக்கு. அதுல 2016ல வந்த ஓட்டை இந்த மூணாவது கட்டத்துல தான் விழுந்துச்சு. க்ரிப்ட்னு ஹாஷ் போடுற ஒரு லைப்ரரி ஃபங்ஷன், பழைய காலத்துல என்ன சால்ட் (ஹாஷ் போடுறப்ப பாஸ்வேர்டோட கலக்கிற எழுத்துகள்) கொடுத்தாலும் எதையாவது திருப்பித் தரும். ஜிலிப்சி 2.17லருந்து சால்ட் செல்லாததா இருந்தா நல்ல் (NULL, அதாவது ஒண்ணுமில்ல) தர ஆரம்பிச்சுது. எஸ்லாக் அதை எதிர்பார்க்கல, க்ராஷ் ஆகும். சர்வர் க்ராஷ் ஆனா சேவை நிக்கும், அவ்வளவுதான். ஸ்க்ரீன் லாக்கர் க்ராஷ் ஆனா பின்னாடி இருக்கிற டெஸ்க்டாப் அப்படியே பப்பரப்பான்னு திறந்து கிடக்கும். லாக் பண்ணி வெச்ச அக்கவுன்ட்ல ஹாஷ் இருக்க வேண்டிய இடத்துல செல்லாத குறி தான் இருக்கும், அதாவது லாக் பண்ணி வெச்ச அக்கவுன்ட்ல தான் லாக் வேலை செய்யல. எஸ்லாக்ல யாரும் ஒரு வரி கூட மாத்தல, கீழ இருந்த லைப்ரரியோட வாக்குறுதி மாறிடுச்சு.

இனி என்னோட ஃபேவரிட் கேஸ், வெப்சைட் எழுதற மொழியான பிஎச்பியோட 5.3.7 வெர்ஷன். 2011 ஆகஸ்ட் 18 ரிலீஸ். எம்டி5 வகை பாஸ்வேர்ட் ஹாஷ் செய்யற கோட்ல ஸ்ட்ர்கேட்னு பழைய சி ஃபங்ஷன் இருந்துச்சு, சால்ட்டுக்கு அப்புறம் ஒரு டாலர் குறியை ஒட்டுறதுக்கு. ஸ்ட்ர்கேட் ஆபத்தானது, பஃபர் சைஸ் பார்க்காதுன்னு எல்லா ஸ்கேனரும் திட்டும். அதனால "பாதுகாப்பான" ஸ்ட்ர்எல்கேட்டா மாத்தினாங்க. கூடுதலா ஒரு மூணாவது ஆர்குமென்ட் தரணும், 1ன்னு தந்தாங்க. ஒரு எழுத்து தானே ஒட்டப் போறோம், 1. படிக்கிறப்ப எவ்வளவு நியாயமா இருக்கு பாருங்க! ஆனா அந்த ஆர்குமென்ட் எத்தனை எழுத்து ஒட்டணும்ங்கிறது இல்ல, மொத்த பஃபரோட அளவு. அளவு 1ன்னு சொன்னதும், ஏற்கனவே நிறைஞ்சிருக்குன்னு நினைச்சு அது ஒண்ணுமே ஒட்டல. நிஜமான ஹாஷ் அதுக்கு அப்புறம் எழுதப்பட்டுச்சு, ஆனா ஸ்ட்ரிங் சால்ட்டோட முடிஞ்சுபோச்சு. திரும்பி வந்தது வெறும் சால்ட் மட்டும்.

இதோட அர்த்தம் என்னன்னு ஒரு நிமிஷம் நின்னு யோசிங்க. பழைய ஹாஷ் வெச்சிருந்தவங்களுக்கு சரியான பாஸ்வேர்ட் போட்டும் திறக்கல, அது பரவால்ல, சத்தம் போடுவாங்க. அந்த வெர்ஷன்ல புதுசா பாஸ்வேர்ட் வெச்சவங்களுக்கு டேட்டாபேஸ்ல சால்ட் மட்டும் தான் பதிவாச்சு. அடுத்த தடவை யார் எந்த பாஸ்வேர்ட் அடிச்சாலும் அதே சால்ட் தான் வரும், ரெண்டும் ஒத்துப்போகும், உள்ள விட்டுடும். 5 நாள்ல, ஆகஸ்ட் 23ல, 5.3.8 விட்டாங்க. டெஸ்ட் இல்லையான்னு கேட்பீங்க, இருந்துச்சு, அது ஃபெயிலும் ஆச்சு. ஆனா ஏற்கனவே ஃபெயில் ஆகிட்டிருந்த கூட்டத்துக்குள்ள இதுவும் ஒண்ணா நின்னுச்சு, யார் கண்ணுலயும் தனியா படல.

இதே குடும்பத்துல மூத்த அண்ணன், டெபியன்ங்கிற லினக்ஸ்ல நடந்த ஓபன்எஸ்எஸ்எல் கதை. பாஸ்வேர்ட் இல்ல, எஸ்எஸ்எச் கீ (தூரத்து சர்வர்ல நுழையுற சாவி), ஆனாலும் லாகின் தான். 2006ல வால்கிரைண்ட்னு மெமரி தப்பு கண்டுபிடிக்கிற டூல் ரெண்டு இடத்துல வார்னிங் காட்டுச்சு. ரெண்டு வரியும் பார்க்க அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கும். ஒண்ணை எடுத்தா நஷ்டமில்ல. இன்னொண்ணு தான் ரேண்டம் நம்பருக்கு உயிர், வெளிய இருந்து வர்ற ரேண்டம்தன்மை முழுக்க அந்த வரி வழியா தான் உள்ள போகுது. பேக்கேஜ் பார்த்துக்கிட்டிருந்தவர் ரெண்டையும் கமென்ட் பண்ணிட்டார். சும்மா பண்ணல, ஓபன்எஸ்எஸ்எல் ஆட்கள் கிட்ட முன்கூட்டியே கேட்டுட்டு தான் பண்ணினார், டீபக் பண்றதுக்கு எடுக்கலாம்ங்கிற அளவுக்கு பதிலும் வந்துச்சு. கேட்டவர் ரிலீஸை மனசுல வெச்சு கேட்டார், சொன்னவங்க டீபகுக்குன்னு எடுத்துக்கிட்டாங்க. மிச்சம் இருந்த ஒரே சீட் (ரேண்டம் நம்பரோட ஆரம்ப மதிப்பு) ப்ராசஸ் ஐடி, அதுல அதிகபட்சம் 32,768 தான். 2008 மே 13ல அறிவிப்பு வர்ற வரைக்கும், கிட்டத்தட்ட 20 மாசம், டெபியன்லயும் உபுன்டுலயும் உண்டாக்கின கீ எல்லாத்தையும் ஒரு லிஸ்ட்ல அடக்கிடலாம்ங்கிற நிலைமை.

அந்த பேக்கேஜ் பார்த்தவரை திட்டுறவங்க நிறைய பேர். எனக்கு அப்படி தோணல. அந்த வரி அவ்வளவு முக்கியம்னா அதுக்கு மேல ஒரு கமென்ட் கூட இல்லாம எழுதி வெச்சது யார் தப்பு? பேட்ச் மட்டும் தான் புரியாததா இருக்கும்னு இல்ல, பேட்ச் ஒட்டப்படுற துணியே புரியாததா இருக்கலாம். அப்படி இருந்தா ரிவ்யூ பண்றவர் முதல்ல கேட்க வேண்டியது "இந்த பழைய வரி என்ன பண்ணிட்டிருந்துச்சு"ன்னு தான், புது வரியை பத்தி அப்புறம்.

பிஎச்பி, டெபியன் ரெண்டுலயும் பாருங்க, பேட்சுக்கு காரணம் ஒரு வார்னிங். "வார்னிங் சரி பண்ணினேன்"ங்கிற கமிட் மெசேஜ் எதனால இதை தொட்டேன்னு சொல்லுது, தொட்டதால என்ன மாறுச்சுன்னு சொல்லல. ரெண்டும் வேற வேற கேள்வி. லாகின் கோட்ல வார்னிங்கை அடக்குற பேட்ச் வந்தா எனக்கு மத்த பேட்சை விட ரெண்டு மடங்கு சந்தேகம் வரும், ஏன்னா எழுதினவர் கவனம் டூல் வாயை மூடுறதுல இருந்திருக்கும், கோட் என்ன பண்ணுதுங்கிறதுல இருந்திருக்காது.

வேணும்னே பண்றவங்க விஷயத்துக்கு வருவோம். 2003 நவம்பர்ல லினக்ஸ் கெர்னல் கோடோட சிவிஎஸ் (பழைய வெர்ஷன் கன்ட்ரோல் டூல்) காப்பில யாரோ ரெண்டு வரி நுழைச்சாங்க. பார்க்க ஒரு சாதாரண ஆப்ஷன் செக், ஆனா யூசர் ஐடி 0ஆன்னு ஒப்பிட வேண்டிய இடத்துல ரெண்டு ஈக்வல்ஸுக்கு பதிலா ஒண்ணே ஒண்ணு. ஒப்பிடாது, யூசர் ஐடியை 0ஆ மாத்திடும், அதாவது எல்லா அதிகாரமும் இருக்கிற ரூட். கம்பைலர் வார்னிங் வராம இருக்க சுத்தி ஒரு அடைப்புக்குறி வேற போட்டிருந்தாங்க, வேலைக்காரன்! மெயின் ரெபோவுக்கும் காப்பிக்கும் கணக்கு ஒத்துப்போகாததால மாட்டுச்சு. 2021 மார்ச் 28ல பிஎச்பியோட சொந்த கிட் சர்வர்லயே ரெண்டு பெரிய டெவலப்பர்கள் பேர்ல பேக்டோர் கமிட் விழுந்துச்சு, மெசேஜ் என்ன தெரியுமா, டைப்போ திருத்தம். 2024ல எக்ஸ்இசட்ங்கிற ஃபைல் சுருக்குற டூல். ரெண்டு வருஷத்துக்கு மேல நல்ல பிள்ளையா பேட்ச் அனுப்பி, களைச்சுப்போயிருந்த மெயின்டெயினர் மேல வேற வேற பேர்ல அழுத்தம் கொடுத்து, கோ-மெயின்டெயினர் ஆகி, 5.6.0லயும் 5.6.1லயும் எஸ்எஸ்எச் லாகினை குறி வெச்சு பேக்டோர் வெச்சாங்க. மெயின் சரக்கு டெஸ்ட் ஃபைல்னு சொல்லி போட்ட பைனரிக்குள்ள இருந்துச்சு, அதை யாரும் டிஃப்ல படிக்கவே முடியாது. அதே ஆள் சீமேக்ங்கிற பில்ட் டூலோட ஃபைல்ல ஒரே ஒரு புள்ளி வெச்சிருந்தார். அந்த புள்ளியால லேண்ட்லாக் (ப்ரோக்ராமை கட்டிப்போடுற லினக்ஸ் சேண்ட்பாக்ஸ்) இருக்கான்னு பார்க்கிற சின்ன டெஸ்ட் ப்ரோக்ராம் எப்பவும் கம்பைல் ஆகாது, அதனால அந்த சேண்ட்பாக்ஸ் எப்பவும் ஆன் ஆகாது. ஒரு புள்ளி! ஸ்க்ரீன் தூசின்னு துடைச்சு பார்த்திருப்போம். மார்ச் 29ல வெளிய வந்ததுக்கு காரணம் கூட ரிவ்யூ இல்ல. ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட்னு ஒரு போஸ்ட்கிரெஸ் டெவலப்பர், எஸ்எஸ்எச் லாகின் ஏன் அரை செகண்ட் லேட் ஆகுதுன்னு "புரியல"ன்னு தோண்டினார்.

இந்த மாதிரி கதை படிச்சுட்டு எல்லா பேட்சையும் போலீஸ் கண்ணால பார்க்க ஆரம்பிக்கிறவங்க உண்டு. அது வேலைக்கு ஆகாதுங்கிறது என் அபிப்பிராயம். டிஃபை வெச்சு ஆளோட மனசை படிக்க முடியாது. பிஎச்பில 1ன்னு போட்டது நல்ல மனசோட, கெர்னல்ல ஒரு ஈக்வல்ஸை விட்டது கெட்ட மனசோட, கோடா பார்த்தா ரெண்டுக்கும் ஒரே முகம். மனசை விட்டுட்டு "இந்த வரி என்ன பண்ணுது, ஏன் இப்படி"ன்னு கேட்டா ரெண்டு பேரும் ஒரே கேள்விக்கு தான் பதில் சொல்லியாகணும், யாரையும் குத்தம் சொன்ன மாதிரியும் ஆகாது.

சிவப்பு வரி பத்தி கொஞ்சம் சொல்லணும், டிஃப்ல நீக்கப்பட்டதை சொல்றேன். நம்ம கண்ணு பச்சையை தான் படிக்கும், புதுசு தானேன்னு. எஸ்எஸ்எச் லாகினுக்கான ப்ரோக்ராம் ஓபன்எஸ்எஸ்எச்ல 2006ல ஒரு சிக்னல் ஹேண்ட்லர் ஓட்டையை அடைச்சாங்க. லாகின் பண்ணாம சும்மா 120 செகண்ட் உட்கார்ந்திருந்தா டைம்அவுட் சிக்னல் வரும், அந்த நேரத்துல லாக் எழுதுறதுக்கு பாதுகாப்பில்லாத ஃபங்ஷனை கூப்பிடக்கூடாது, அதை தடுக்க ஒரு இஃப்டெஃப் வரி வெச்சிருந்தாங்க. 2020 அக்டோபர்ல லாகிங் கோடை சீரமைக்கிறப்ப அந்த வரி காணாம போச்சு. 8.5பி1லருந்து ஓட்டை திரும்ப வந்து, 2024 ஜூலை 1ல குவாலிஸ்ங்கிற செக்யூரிட்டி கம்பெனி ஆட்கள் சொல்ற வரைக்கும் இருந்துச்சு, பாஸ்வேர்டே இல்லாம ரூட். இங்க பார்க்க வேண்டியது, சீரமைச்ச பேட்ச் பாஸ்வேர்ட் பத்தினதே இல்ல, லாகிங் பத்தினது. ஒரு வரி போகுதுன்னா அது யாரோ எப்பவோ ஏதோ ஒரு அடிக்கு போட்ட கட்டு. கிட் ப்ளேம் போட்டு அந்த வரி எந்த கமிட்ல வந்துச்சுன்னு பார்க்க ரெண்டு நிமிஷம் தான் ஆகும்.

ஹாஷ் பக்கம் புரியாத பேட்ச் வேற விதமா வரும், அங்க கோட் புரியும், கணக்கு தான் புரியாது. பிக்ரிப்ட்ங்கிற பாஸ்வேர்ட் ஹாஷ் முறையை எடுத்துக்கோங்க. 1999லருந்து இருக்கு, நல்ல சரக்கு, ஆனா 72 பைட் வரைக்கும் தான் பார்க்கும், மிச்சத்தை சத்தமில்லாம விட்டுடும். இங்கிலீஷ்ல 72 எழுத்து, யார் அவ்வளவு நீளமா வெப்பாங்கன்னு விட்டுடலாம். தமிழ்ல பாஸ்வேர்ட் வெச்சா? யூடிஎஃப்-8ல ஒவ்வொரு தமிழ் குறியீட்டுக்கும் 3 பைட், அப்ப 24 குறியீடு தான். "கொ"ங்கிறது நமக்கு ஒரு எழுத்து, கம்ப்யூட்டருக்கு க தனி, கொம்பும் காலும் தனி. பதினஞ்சு எழுத்து பக்கம் வந்ததுமே ஹாஷ் கேட்கிறதை நிறுத்திடும். இதுல இன்னொரு வம்பு, அந்த ஒகர குறியை யூனிகோட்ல ஒரே குறியீடாவும் எழுதலாம், எகர கொம்பு, துணைக்கால்னு ரெண்டா பிரிச்சும் எழுதலாம். ஸ்க்ரீன்ல ஒரே மாதிரி தெரியும், பைட் வேற, ஹாஷ் வேற. ஒரு கீபோர்ட்ல வெச்ச பாஸ்வேர்ட் இன்னொரு கீபோர்ட்ல திறக்காது. அதை சரி பண்ண நார்மலைஸ் பண்ற (எல்லாத்தையும் ஒரே வடிவத்துக்கு கொண்டுவர்ற) ஒரு பேட்ச் வரும், நல்லது தான், ஆனா நார்மலைஸ் பண்ணாம ஏற்கனவே சேமிச்ச ஹாஷ் எல்லாம் என்ன ஆகும்னு அந்த பேட்ச்ல ஒரு வரி இல்லைன்னா நிறுத்தணும்.

72 பைட்டை தாண்ட பொதுவா வர்ற பேட்ச், முதல்ல ஷா-256ங்கிற இன்னொரு ஹாஷ் போட்டுட்டு அதை பிக்ரிப்ட்டுக்கு கொடுக்கிறது. கேட்க சூப்பரா இருக்கும். ஷா தர்ற பச்சை பைட்டுகளை அப்படியே கொடுத்தா, நடுவுல 0 பைட் வந்த இடத்தோட ஸ்ட்ரிங் முடிஞ்சுதுன்னு பல பிக்ரிப்ட் லைப்ரரி நினைச்சுக்கும். முதல் பைட்டே 0ஆ இருக்க 256ல ஒரு வாய்ப்பு, அப்படி ஆனா பாஸ்வேர்ட் காலி ஸ்ட்ரிங்குக்கு சமம். பேஸ்64ங்கிற முறைல சாதாரண எழுத்தா ஆக்கிட்டு கொடுத்திருந்தா ஒண்ணுமில்ல. இதே 72ல லாகின் சேவை தர்ற கம்பெனி ஆக்டாவும் 2024ல மாட்டுச்சு, அது ஓபன் சோர்ஸ் இல்ல, இருந்தாலும் பாடம் ஒண்ணுதான். முந்தின லாகினை நினைவுல வெக்கிற கேஷோட கீக்கு யூசர் ஐடி, யூசர் பேர், பாஸ்வேர்ட் மூணையும் வரிசையா ஒட்டி பிக்ரிப்ட் பண்ணினாங்க. யூசர் பேர் 52 எழுத்தோ அதுக்கு மேலயோ இருந்தா பாஸ்வேர்ட் வர்றதுக்குள்ள 72 தீர்ந்துபோச்சு, கேஷ்ல பழைய லாகின் இருந்து சில நிலைமைகள் கூடி வந்தா பாஸ்வேர்ட் என்னவா இருந்தாலும் ஓகே. ஜூலை 23லருந்து அக்டோபர் 30 வரைக்கும்.

வரம்பே இல்லைன்னாலும் வினை தான். ஜாங்கோங்கிற வெப் ஃப்ரேம்வொர்க்ல 2013 செப்டம்பர்ல, ஒரு எம்பி நீளத்துக்கு பாஸ்வேர்ட் அனுப்பினா சர்வர் அதை ஹாஷ் பண்ண ஒரு நிமிஷம் கிட்ட ஆகும்னு தெரிஞ்சுது, லாகின் ஃபார்மை வெச்சே சர்வரை படுக்க வெக்கலாம். அவசரத்துக்கு 4096 பைட்னு லிமிட் வெச்சு, அப்புறம் பிபிகேடிஎஃப்2ங்கிற ஹாஷ் கோடையே சரி பண்ணி லிமிட்டை எடுத்தாங்க.

டைமிங் பத்தி சுருக்கமா, அதாவது பதில் வர எவ்வளவு நேரம் ஆகுதுங்கிறதை வெச்சே ரகசியம் கசியுறது. "ஈக்வல்ஸுக்கு பதிலா கான்ஸ்டன்ட் டைம் கம்பேர் போட்டிருக்கேன்"னு வர்ற பேட்சை கண்ணை மூடிட்டு வாழ்த்துறது வழக்கம். போடலாம், தப்பில்ல, ஏபிஐ டோக்கனுக்கு அது நிஜமாவே வேணும். ஆனா பாஸ்வேர்ட் லாகின்ல நேரம் கசியுற பெரிய இடம் பெரும்பாலும் அது இல்ல, அந்த பேர்ல யூசரே இல்லாதப்ப என்ன பண்றோம்ங்கிறது தான். யூசர் இல்லைன்னா ஹாஷ் போடாம உடனே "தப்பு"ன்னு திரும்பினா, பதில் சீக்கிரம் வர்றதை வெச்சே யார் இருக்காங்க யார் இல்லன்னு கணக்கெடுத்துடலாம். அதுக்காக ஓபன்எஸ்எஸ்எச் பொய்யா ஒரு ப்ளோஃபிஷ் (பிக்ரிப்ட் வகை) ஹாஷ் போட்டுச்சு, அப்பவும் 2016ல மாட்டுச்சு, ஏன்னா நிஜ யூசர்களுக்கு ஷா வகை ஹாஷ் இருந்தா 10 கேபி பாஸ்வேர்ட் அனுப்பினதும் ரெண்டுக்கும் நேரம் வேறுபட்டுச்சு.

சரி, "புரியல"ன்னு எப்படி எழுதுறது? வெறுமனே "புரியல, விளக்குங்க"ன்னு போட்டா எழுதினவர் கமிட் மெசேஜையே இன்னும் கொஞ்சம் நீட்டி திருப்பி அனுப்புவார், ரெண்டு பேருக்கும் நேரம் வீண். எந்த வேல்யூ வந்தா எனக்கு பிடிபடலன்னு சொல்லணும். "லைன் 40ல இருக்கிற கால் மைனஸ் 1 தந்தா லைன் 52க்கு போகுமா போகாதா?" இது மாதிரி. பேர் மாத்தினது, இடம் நகர்த்தினது, நிஜமா வேலை மாறினது மூணும் ஒரே பேட்ச்ல இருந்தா பிரிச்சு அனுப்பச் சொல்லலாம், அதுல தப்பே இல்ல, பாதி குழப்பம் பிரிச்சதுமே தீரும். டெஸ்ட் கேட்கிறப்ப தோல்விக்கான டெஸ்ட் கேளுங்க: தப்பான பாஸ்வேர்ட், காலி பாஸ்வேர்ட், நடுவுல 0 பைட் இருக்கிற பாஸ்வேர்ட், 73வது பைட்ல மட்டும் மாறுற ரெண்டு பாஸ்வேர்ட், டேட்டாபேஸ்ல ஹாஷ் கட்டமே காலியா இருக்கிற யூசர், லாக் பண்ணின யூசர். அப்புறம் ஒரு அல்ப வித்தை, ஆனா இதுவரைக்கும் எனக்கு இதை விட நல்லது கிடைக்கல. பேட்சை லோக்கல்ல இறக்கி, பாஸ்வேர்ட் செக் பண்ற வரியை நீங்களே எடுத்துட்டு டெஸ்ட் ஓட்டுங்க. அப்பவும் எல்லாம் பச்சையா இருந்தா, அந்த பச்சையை காட்டி உங்களை யாராவது சமாதானம் பண்றப்ப என்ன சொல்லணும்னு தெரிஞ்சுடும்.

வேணும்னே மழுப்பலா எழுதற நல்ல பேட்சும் உண்டு, ஓட்டையை அடைக்கிறப்ப ரிலீஸ் வர்ற வரைக்கும் வெளிய தெரியக்கூடாதுன்னு கமிட் மெசேஜை சும்மா "க்ளீனப்"னு போடுவாங்க. அது நியாயம் தான். ஆனா மூடின கதவுக்கு பின்னாடியாவது இன்னொருத்தருக்கு முழு விஷயமும் தெரிஞ்சிருக்கணும், வெளிய மழுப்பல் உள்ளயும் மழுப்பல்னா அப்ப டெபியன் கதை தான்.

தப்பு மெர்ஜ் ஆனதுக்கு அப்புறம் திருத்துறது கூட பாஸ்வேர்ட் கோட்ல வேற மாதிரி. க்ரிப்ட்_ப்ளோஃபிஷ்னு பிக்ரிப்டோட ஒரு பிரபலமான இம்ப்ளிமென்டேஷன், பிஎச்பி உட்பட பல இடத்துல இருந்துச்சு. கேரக்டர் டைப் சைன்டா (மைனஸ் எண் உண்டா) அன்சைன்டாங்கிற சி மொழி குழப்பத்தால, ஆஸ்கிக்கு (இங்கிலீஷ் எழுத்துக் குறியீடு) வெளிய இருக்கிற பைட் வந்தா சில சமயம் அதுக்கு முன்னாடி இருக்கிற மூணு எழுத்து வரைக்கும் ஹாஷ்ல சேராமலே போகும். இங்கிலீஷ் பாஸ்வேர்டுக்கு ஒண்ணுமே தெரியாது, பதிமூணு வருஷம் கிட்ட யாரும் பார்க்கல, 2011 ஜூன்ல தான் கண்டுபிடிச்சாங்க. திருத்தினது ஒரு கேஸ்ட் (டைப்பை மாத்திச் சொல்றது), அவ்வளவுதான். ஆனா உலகம் பூரா டேட்டாபேஸ்ல தப்பான ஹாஷ் உட்கார்ந்திருக்கு, ஒரிஜினல் பாஸ்வேர்ட் யார் கைலயும் இல்ல, திரும்ப கணக்கு போட வழியே கிடையாது. அதனால சரியான கணக்குக்கு 2ஒய்னு புது அடையாளம் வெச்சு, பழைய தப்பு கணக்கை 2எக்ஸ்ங்கிற பேர்ல கோட்குள்ள அப்படியே வெச்சுட்டாங்க, பழைய ஹாஷை சரிபார்க்க அந்த தப்பை அட்சரம் பிசகாம திரும்ப செய்யணுமே. அங்க பக்குக்கு தனி பாதை, சரியான கணக்குக்கு தனி பாதை, ரெண்டும் பக்கத்து பக்கத்துல. விஷயம் தெரியாத யாராவது அந்த பக்கம் போனா, சைன் எக்ஸ்டென்ஷன் பக் ஒண்ணு பட்டவர்த்தனமா தெரியுதேன்னு சந்தோஷமா ஒரு பேட்ச் அனுப்புவாங்க. நாலு வரி போயிருக்கும், ஒரு வரி வந்திருக்கும், தலைப்பு "க்ளீனப்".